அப்பாவுக்கு அல்புமின் 29: சாப்பாடு காணாதா, வேறு காரணமா?

கேள்வி: கோப்பாயிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 67 வயது, 60 கிலோ இருப்பார். கனகாலமாகச் சீனி வருத்தம், கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு கால் வீங்கத் தொடங்கியது, சாப்பாட்டிலும் மனமில்லை. இரத்தம் சோதித்ததில் மொத்தப் புரதம் 71, அல்புமின் 29, குளோபுலின் 42 என்று வந்திருக்கிறது. 25 நாளும் மச்சம் தொடாமல் இருந்ததால்தான் புரதம் குறைந்தது என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அண்ணா கனடாவிலிருந்து புரத மா டின் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? என்ன சாப்பாடு கொடுத்தால் அல்புமின் ஏறும்?

பதில்:

டின்னைக் கொஞ்ச நாள் திறக்காமல் வையுங்கள். அதற்கு முதல் இரண்டு வேலை இருக்கிறது. அப்பாவின் சலத்தைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். அவருடைய இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். விரதத்தைக் குறை சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். 25 நாள் சைவம் சாப்பிட்டு ஒருவருக்கும் அல்புமின் 29க்கு இறங்குவதில்லை.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். நோயைத் தீர்மானிப்பது டொக்டரின் வேலை. ஆனால் இந்த மூன்று எண்களையும் எப்படி வாசிப்பது என்று சொல்ல முடியும். இதைத் தவறாக வாசித்து, புரத மாவும் சூப்புமாக மாதக்கணக்கில் காலம் கடத்திவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அளவு. மொத்தப் புரதம் லீற்றருக்கு 60 முதல் 80 கிராம் வரை, அல்புமின் 35 முதல் 50 வரை, குளோபுலின் ஏறக்குறைய 20 முதல் 35 வரை இருந்தால் வழமை. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் கொஞ்சம் மாறும். சில இடங்களில் டெசிலீற்றர் கணக்கில் 2.9 என்று எழுதுவார்கள், 29ம் 2.9ம் ஒன்றுதான். இன்னொன்று: இது ஹீமோகுளோபின் இல்லை. அதுவும் புரதம்தான், ஆனால் அது சிவப்பணுவுக்குள் இருப்பது. "இரத்தம் குறைவு" என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அல்புமின் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது. ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றதுக்கு உதவாது. அல்புமின் குறைவுக்கு இரும்புச்சத்துக் குளிசை வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அல்புமினைச் செய்வது ஈரல் மட்டுமே. நல்ல ஈரல் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை செய்து இரத்தத்தில் விடும். இரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் விசையில் முக்கால்வாசியும் அதனுடையதுதான். கல்சியம், பிலிருபின், கொழுப்பமிலம், பல மருந்துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகின்றன. செய்த அல்புமினில் பாதி அழிய ஏறக்குறைய 20 நாள் எடுக்கும்.

அப்படியானால் 25 நாள் மச்சம் விட்டால் குறையத்தானே வேண்டும் என்று கேட்கலாம். குறையாது. சைவம் என்றாலும் அப்பா பருப்பும் பயறும் தயிரும் சாப்பிட்டிருப்பார். அவை குறைந்தாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. புரத வரவு குறைந்தால் ஈரல் அல்புமின் செய்வதைக் கொஞ்சம் குறைக்கும், அதே நேரம் அல்புமின் அழியும் வேகமும் குறைந்துவிடும், குழாய்க்கு வெளியே இழையங்களில் இருக்கும் அல்புமினும் உள்ளே வரும். இரத்தத்தில் அளவு அப்படியே நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில், 1944-45ல், அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். உடல் எடையில் கால்வாசி போய், எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களுடைய இரத்தப் புரதம் சற்றுத்தான் இறங்கியது. இன்றும் சாப்பிட மறுக்கும் மனநோயால் உருக்குலைந்து வரும் பிள்ளைகளுக்கு அல்புமின் பெரும்பாலும் வழமையாகவே இருக்கும். அமெரிக்காவின் மருத்துவப் போசாக்குச் சங்கம் 2021ல் வெளியிட்ட அறிக்கையில், அல்புமினை வைத்துப் போசாக்கை அளக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. அல்புமின் காட்டுவது அழற்சியையும் (தொற்றுக்கோ காயத்துக்கோ உடம்பு காட்டும் எதிர்ப்பு) நோயின் கடுமையையும் என்பதுதான் இப்போதைய புரிதல்.

எங்கள் ஊரிலேயே பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைக்குப் போசாக்குக் காணாது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நிறுக்கிறார், உயரம் பார்க்கிறார், வளர்ச்சிப் படத்தில் புள்ளி வைக்கிறார், தேவையென்றால் மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கிறார். அதை வைத்துத்தான் திரிபோஷா என்ற சத்துமா கொடுக்கிறார்கள். அல்புமின் சோதிப்பதில்லை. அப்பாவுக்கும் அதேதான். ஆறு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ, இப்போது எத்தனை, சாரம் இடுப்பில் நிற்கிறதா, தோள் எலும்பு துருத்துகிறதா, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிறாரா என்று பாருங்கள். போசாக்கைச் சொல்பவை இவைதான். கால் வீக்கம் இருந்தால் தண்ணீரின் பாரமும் தராசில் ஏறும் என்பதை மறக்க வேண்டாம். எடை மாறாமல் இருக்கும், சதை கரைந்துகொண்டிருக்கும்.

சரி, பிறகு ஏன் 29? கிணற்றில் தண்ணீர் இறங்கினால் ஊற்று அடைத்துவிட்டதா, இறைப்பு கூடிவிட்டதா, எங்கேயாவது வெடித்து ஒழுகுகிறதா என்றுதானே பார்ப்போம், கிணற்றுக்குள் வாளியால் தண்ணீர் ஊற்ற மாட்டோமே. அல்புமினும் அப்படித்தான். ஈரல் செய்யாமல் விடலாம். சிறுநீரகத்தால் வெளியே போகலாம். குடலால் போகலாம், இது அரிது. உடம்பில் எங்கேயோ ஒரு அழற்சி இருந்து, ஈரல் தன் வேலையை வேறு புரதங்களுக்கு மாற்றியிருக்கலாம். உடம்பில் தண்ணீர் கூடி, உள்ளது ஐதாகத் தெரியலாம். கர்ப்பிணிகளுக்கு அல்புமின் கொஞ்சம் குறைவது இந்தக் கடைசிக் காரணத்தால்தான், அது நோயல்ல.

உங்கள் அப்பாவுக்குக் கனகாலச் சீனி வருத்தம். ஆகவே முதலில் சிறுநீரகம். சீனி கூடியே இருந்தால் சிறுநீரகத்தின் வடி கெட்டு, அல்புமின் சலத்தோடு ஒழுகும். சலம் கழிக்கும்போது நுரை எழும்பி, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நின்றால் அது ஒரு அறிகுறி. சலத்தைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல இந்தப் புரதமும் திரளும். இலண்டனில் றிச்சட் பிறைட் என்ற வைத்தியர், உடம்பு வீங்கியவர்களின் சலத்தைக் கரண்டியில் எடுத்து மெழுகுதிரியில் காட்டித்தான் சிறுநீரக நோயைக் கண்டுபிடித்தார். அவர் அதை நூலாக எழுதியது 1827ல். சோதனைக் குழாயின் மேற்பாதியை மட்டும் சுவாலையில் பிடித்தால், கீழே தெளிவாகவும் மேலே கலங்கலாகவும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பிறகு ஒரு சொட்டு அசற்றிக் அமிலம் விடுவோம். கலங்கல் கரைந்தால் அது வெறும் பொஸ்பேற்று, நின்றால் புரதம். இப்போது நிறம் மாறும் பட்டி வந்துவிட்டது. அதைவிடத் துல்லியமானது, காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சலத்தில் அல்புமினுக்கும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியற்றினினுக்கும் உள்ள விகிதம். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது, 300க்கு மேலே என்றால் ஒழுக்கு பெரிது. ஆனால் அல்புமின் 30க்குக் கீழே இறங்குவதற்குச் சிறுநீரகம் மட்டுமே காரணம் என்றால், நாளொன்றுக்கு மூன்றரைக் கிராம் அளவிலோ அதற்கு மேலோ போக வேண்டும். ஆகவே சல றிப்போர்ட் ஒன்றே பாதிக் கேள்வியை முடித்துவிடும். காசும் அதிகம் போகாது.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் எழும்பும்போது இரண்டு கண்மடலும் ஊதியிருந்தால் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருக்காமல் சலத்தைச் சோதியுங்கள். இரண்டு முதல் ஆறு வயது வரை வரும் இந்தச் சிறுநீரக வருத்தம் பெரும்பாலும் ஸ்டீரோயிட் குளிசைக்கு நன்றாகக் கேட்கும்.

அடுத்தது உள்ளங்கால். எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். நல்லூரில் 25 நாளும் வெறுங்காலோடு, சிலவேளை நடுப்பகலில், கொதிக்கும் மணலில் நடந்திருப்பார். பிரதட்டையும் செய்திருக்கக்கூடும். கனகாலச் சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கும். கொப்புளம் போட்டாலும் முள் ஏறினாலும் தெரியாது. குதிக்காலில், விரல் இடுக்கில், பெருவிரலுக்குக் கீழே தடித்த தோலுக்கு அடியில் சீழ் பிடித்திருக்கும், அவர் நடந்துகொண்டுதான் இருப்பார். அப்படி ஒரு கிருமித் தொற்று உள்ளே இருந்தால் ஈரல் அல்புமின் செய்வதைக் குறைத்து, சீ.ஆர்.பி. போன்ற எதிர்ப்புப் புரதங்களைச் செய்யத் தொடங்கும். குழாய்களும் கசிந்து அல்புமின் வெளியே போகும். சாப்பாட்டில் மனமில்லாமல் போவதும் அதனால்தான். ஆக, அவர் சாப்பிடாததால் அல்புமின் குறையவில்லை, சாப்பிடாததும் அல்புமின் குறைந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம். சீ.ஆர்.பி. ஏறி அல்புமின் இறங்கியிருந்தால் இந்த வழியில் தேட வேண்டும். புண்ணைக் கண்டால் அன்றைக்கே காட்டுங்கள், வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

அழற்சியும் கசிவும் எவ்வளவு வேகமாக இந்த எண்ணை இறக்கும் என்பதற்கு டெங்கு நல்ல சாட்சி. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் டெங்கு விடுதி நிறைந்திருக்கும் நாட்களில், முந்தாநாள் 40 இருந்த ஒருவருக்கு அல்புமின் 35க்குக் கீழே போவதைப் பார்க்கலாம். குழாய் கசிகிறது என்று டொக்டர்மார் அதை வைத்தும் ஊகிப்பார்கள். இரண்டு நாளில் இறங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

ஈரலைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஆனால் உங்கள் அப்பாவின் விஷயத்தில் அதை ஒதுக்க முடியாது. சாராயம், கள்ளு பழக்கம் இருந்ததா என்று வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். குடிக்காதவருக்கும் சீனி வருத்தத்தோடு வரும் ஈரல் கொழுப்பு வருடக்கணக்கில் ஈரலை இறுகச் செய்யும். இறுகிய ஈரலின் நிலையைக் கணக்கிடும்போது அல்புமின் 35க்கு மேலா, 28க்கும் 35க்கும் இடையிலா, 28க்குக் கீழா என்று பிரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையும் வயிற்று ஸ்கானும் சேர்ந்தால் படம் தெளிவாகும்.

இனி குளோபுலின் 42. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, எனக்கு முதலில் கண்ணில் பட்டதே இதுதான். மொத்தப் புரதம் 71, பார்த்தால் நல்ல எண். அல்புமின் இறங்கிய அளவைக் குளோபுலின் ஏறி நிரப்பியதால் மொத்தம் வழமையாகத் தெரிகிறது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். குளோபுலின் என்பது ஒரு கூட்டம், அதில் பெரும் பங்கு நோய் எதிர்ப்புப் புரதங்களுடையது. ஆறாத தொற்று, சயரோகம், ஈரல் இறுகுதல், உடம்பே தன்னைத் தாக்கும் நோய்கள் எல்லாம் இதை ஏற்றும். சிறுநீரக ஒழுக்கு மட்டும் என்றால் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதியும் சலத்தோடு போயிருக்கும், குளோபுலின் இப்படி ஏறி நிற்பது குறைவு. அதனால் சலத்தில் புரதம் இருந்தாலும் அதோடு தேடுதலை நிறுத்த வேண்டாம், நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றும் தேவைப்படலாம்.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எலும்பு மச்சையில் ஒரே வகை அணு பெருகி, ஒரே புரதத்தை அளவுமீறிச் செய்யும் புற்றுநோய். முதுகு வலி, இரத்தச் சோகை, ஈ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) மிக உயர்வு, கல்சியம் உயர்வு இவற்றில் சில சேர்ந்திருந்தால் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் சோதனையைக் கேட்பார்கள். சுவீடனின் ஆர்ன ரிசேலியஸ் 1930களில் செய்து காட்டி, 1948ல் நோபல் பரிசு வாங்கிய முறை அது. தொற்றால் ஏறியிருந்தால் அகன்ற மேடாகத் தெரியும், அந்தப் புற்றுநோய் என்றால் ஊசி போல ஒரே கூர். பயப்படுத்தச் சொல்லவில்லை, 42 அவ்வளவு பெரிய உயர்வும் இல்லை. மறுபடி சோதிக்கும்போதும் அப்படியே நின்றால் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுபடி சோதிக்கும்போது ஒரே ஆய்வுகூடத்தில், கதிரையில் இருந்த நிலையிலேயே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவரைவிட நின்றுகொண்டிருப்பவருக்குப் புரதம் ஒரு பத்து வீதம் வரை கூடக் காட்டும். கையில் பட்டியை நெடுநேரம் இறுக்கினாலும் கூடும். சேலைன் ஏறும் கையில் எடுத்தால் குறையும். 29 போய் 31 வந்தது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், 28 என்று அழவும் வேண்டாம். அல்புமின் குறைந்தவருக்குக் கல்சியமும் குறைவாகத் தெரியும், அதையும் திருத்திப் பார்க்க வேண்டும்: அல்புமின் 40க்குக் கீழே போகும் ஒவ்வொரு கிராமுக்கும் கல்சியத்தோடு 0.02 மில்லிமோல் கூட்டுவார்கள். றிப்போர்ட்டில் 2.00 என்றால் அப்பாவின் கணக்கில் அது 2.22, அதாவது வழமை. வலிப்புக்குப் பெனிற்றோயின் எடுப்பவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்களும் அல்புமின் குறைந்திருப்பதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், மருந்தின் வேலை மாறக்கூடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாப்பாடு தேவையில்லை என்று நான் சொல்லவே இல்லை. நோயில் சதை கரையும், அதைக் காக்கப் புரதம் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது 60 கிலோவுக்கு 48 கிராம். வயது போனவர்களுக்கு 1 முதல் 1.2 வரை நல்லது. ஈரல் இறுகியிருந்தால் 1.2 முதல் 1.5 வரை கொடுக்கச் சொல்வார்கள், இரவு படுக்க முதல் ஏதாவது சாப்பிடவும் சொல்வார்கள். சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகாத நிலை என்றால் 0.8 அளவில் நிற்பாட்டச் சொல்வார்கள். அதே டின் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குச் சுமை. திறக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். சில டின்களில் சீனியும் பொட்டாசியமும் பொஸ்பரசும் நிறைய இருக்கும், லேபிளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அதுவரை வீட்டுச் சாப்பாடே போதும். நூறு கிராம் மீனில் 20 கிராம் புரதம். சூடையும் கீரியும் விளைமீனை விடக் குறைந்தவை இல்லை, விலைதான் குறைவு. முட்டையில் 6 கிராம். சைவ நாட்களில் தடிப்பாக வைத்த பருப்புக்கறி, அவித்த பயறு, உழுந்து, தயிர், சோயா மீற் எல்லாம் கணக்கில் வரும். பசி இல்லாதவருக்கு மூன்று வேளை நிரப்பிப் போடாமல் ஐந்து ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆட்டுக்கால் சூப்பைப் பெரிய மருந்தாக நினைக்க வேண்டாம். அதில் இறங்குவது பெரும்பாலும் ஜெலற்றின், புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களில் உடம்புக்கு அவசியமான ஒன்று அதில் இல்லை. மீன் துண்டும் இறாலும் உள்ள ஒடியல் கூழ் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உப்பைப் பாருங்கள். கால் வீங்கியவருக்குப் புரதத்தைவிட உப்புத்தான் அவசரம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி இவற்றை நிறுத்தி, நாளுக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பு என்று வைத்தால் வீக்கம் இறங்குவதை நீங்களே காண்பீர்கள்.

"அல்புமின் போத்தல் ஏற்றினால் சரிதானே" என்று யாராவது சொல்வார்கள். இருபது வீத அல்புமின் 100 மில்லிலீற்றரில் 20 கிராம்தான் இருக்கிறது. ஒழுக்கு நிற்காதவருக்கு ஏற்றினால் அதுவும் சில நாளில் போய்விடும். ஈரல் நோயாளிக்கு வயிற்று நீரை அதிகம் எடுக்கும்போது ஏற்றுவது போன்ற சில தேவைகள் உண்டு. எண்ணைத் திருத்துவதற்காக ஏற்றுவதில்லை.

காலில் நோகிறது என்று பாமசியில் டிக்ளோபெனக் போன்ற வலிக் குளிசை வாங்கிக் கொடுக்க வேண்டாம், சிறுநீரகம் பழுதாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். கிளினிக் கொப்பி, பழைய றிப்போர்ட்டுகள், எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். போன வருட அல்புமின் எவ்வளவு என்று தெரிந்தால் டொக்டருக்கு அது பெரிய உதவி.

அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. மூச்சு வாங்கிப் படுக்க முடியாமல் இருத்தல், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோதல், வயிறு வீங்கிக் காய்ச்சலும் வருதல், மலம் தார் போலப் போதல், சலம் நன்றாகக் குறைதல், பகலில் தூங்கி வழிந்து பேச்சுக் குழறுதல், காலில் புண் கறுத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பார்க்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.